குதிரை முகப் பாவாடை: சீனப் பெண்களின் ஓர் உடை நடந்து வந்த பாதை

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டங்களில் இதுவரை சர்க்கரை நோய், மாடித்தோட்டம், உயில் எழுதுவது என்று உபயோகமான விஷயங்களைப் பேசியிருக்கிறார்கள். இன்றைய தலைப்பு ஒரு பாவாடை. அதுவும் சீனப் பாவாடை. "இதில் நமக்கு என்ன இருக்கிறது?" என்று சிலர் மனதில் கேட்பது எனக்குப் புரிகிறது. அரை மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் என்ன உடுத்த வேண்டும், எந்த நிறத்தில் உடுத்த வேண்டும், அதை உடுத்திக்கொண்டு எப்படி நடக்க வேண்டும் என்று ஊரும் அரசாங்கமும் சொல்லிக்கொண்டே இருந்த கதை இது. பெண்கள் அதில் எதைக் கேட்டார்கள், எதைக் கேட்கவில்லை என்ற கதையும் இதில்தான் இருக்கிறது.

அந்தப் பாவாடையின் பெயர் மாமியென் சுன். மாமி என்றதும் இரண்டாவது வரிசையில் சிரிப்பு கேட்கிறது. நம் வீட்டு மாமிகளுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சீன மொழியில் 'மா' என்றால் குதிரை, 'மியென்' என்றால் முகம், 'சுன்' என்றால் பாவாடை. பழந்தமிழிலும் 'மா' என்ற சொல்லுக்குக் குதிரை என்று ஒரு பொருள் உண்டு. அது வெறும் தற்செயல்தான். அதை வைத்து யாரும் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிவிட வேண்டாம்.

முதலில் இதை எப்படித் தைக்கிறார்கள் என்று காட்டிவிடுகிறேன். அது புரிந்தால் மீதிக் கதை தானாகப் புரியும். என் கையில் இரண்டு குளியல் துண்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு துண்டிலும் நடுப்பகுதியை மட்டும் கொசுவம் மாதிரி மடித்துக்கொள்கிறேன். இரண்டு ஓரங்களிலும் ஒரு சாண் அகலத்துக்கு மடிப்பே இல்லாமல் தட்டையாக விடுகிறேன். இப்போது ஒரு துண்டின் தட்டையான ஓரத்தை இன்னொன்றின் தட்டையான ஓரத்தின் மேல் படிய வைத்து, மேல்விளிம்பில் இரண்டுக்கும் பொதுவாக ஒரே இடுப்புப் பட்டியைத் தைக்கிறேன். பட்டியின் இரண்டு முனையிலும் நாடா. அவ்வளவுதான், பாவாடை முடிந்தது.

இதை இடுப்பில் சுற்றினால், ஒன்றின் மேல் ஒன்று படிந்த அந்த இடம் பின்பக்கம் வரும். மீதி இரண்டு ஓரங்களும் முன்பக்கம் ஒன்றின் மேல் ஒன்றாகப் படியும். மொத்தம் நான்கு தட்டைப் பகுதிகள். ஆனால் வெளியே தெரிவது முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இடுப்பின் இரு பக்கமும் மடிப்புகள். இதில் முக்கியமான விஷயம் என்னவென்றால், முன்னும் பின்னும் துணி தைக்கப்படவில்லை, படிந்துதான் இருக்கிறது. காலை அகல வைத்தால் பாவாடை திறந்து இடம் கொடுக்கும். நின்றால் மூடிக்கொள்ளும். நாடா கட்டுவதால் ஒல்லியானவரும் கட்டலாம், பிள்ளை பெற்றவரும் கட்டலாம். அவிழ்த்தால் தட்டையாக மடித்துப் பெட்டியில் வைக்கலாம். அம்மாவுடையது பெண்ணுக்கும் சரியாக இருக்கும்.

இனி வரலாற்றுக்குப் போவோம்.

1972-இல் சாங்ஷா நகருக்கு அருகே மாவாங்துய் என்ற இடத்தில் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு பிரபுவின் மனைவியின் கல்லறை. உடல்கூட அழுகாமல் இருந்தது. அவருடைய துணிமணிகளில் பட்டுப் பாவாடைகளும் கிடைத்தன. நான்கு பட்டுத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்தவை. மேலே குறுகல், கீழே அகலம். இடுப்புப் பட்டியின் இரண்டு முனைகளும் நீண்டு நாடாவாக ஆகின்றன. பூவேலை ஏதும் இல்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சுற்றிக் கட்டும் பாவாடை முழுமையாக உருவாகிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

அதன் பின் தாங் வம்சம், கி.பி. 618 முதல் 907 வரை. இந்தக் காலத்தில் பாவாடை மிக நீண்டது, அகன்றது. மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டினார்கள். மாதுளை நிறச் சிவப்புப் பாவாடை என்றால் அப்படி ஒரு மோகம். இந்தக் காலத்தில்தான் பாவாடைக்கும் அரசாங்கத்துக்கும் பெரிய மோதல்கள் வந்தன.

ஆன்லெ என்று ஓர் இளவரசி இருந்தாள். பேரரசர் சோங்சோங்கின் செல்ல மகள். நூறு வகைப் பறவைகளின் இறகை நெய்து அவளுக்கு ஒரு பாவாடை செய்தார்கள். நேராகப் பார்த்தால் ஒரு நிறம், பக்கவாட்டில் பார்த்தால் ஒரு நிறம், வெயிலில் ஒன்று, நிழலில் ஒன்று. அரண்மனையில் ஒருத்தி உடுத்தினால் ஊர் சும்மா இருக்குமா? அதிகாரிகள் வீட்டிலும் பணக்காரர் வீட்டிலும் அதே மாதிரி வேண்டும் என்றார்கள். மலைகளிலும் காடுகளிலும் அழகான இறகுள்ள பறவைகள் கிட்டத்தட்ட இல்லாமலே போயின என்று தாங் வரலாற்று நூல் எழுதியிருக்கிறது. 710-இல் அரண்மனைச் சதி ஒன்றில் இளவரசி கொல்லப்பட்டாள். பின்னர் வந்த சுவான்சோங் பேரரசர் 714-இல் அரண்மனையின் ஆடம்பரத் துணிகளையும் அணிகளையும் எரிக்கச் சொல்லி, இப்படிப்பட்ட ஆடைகளுக்குத் தடை போட்டார். அந்தத் தடையால் பறவைகள் பிழைத்தன. எல்லாச் சட்டமும் தவறு என்று நான் சொல்லவில்லை என்பதற்காக இதையும் சொல்லி வைக்கிறேன்.

ஆனால் 9-ஆம் நூற்றாண்டில் வென்சோங் பேரரசர் போட்ட சட்டம் வேறு வகை. பெண்களின் பாவாடை ஐந்து தறியகலத் துண்டுகளுக்கு மேல் இருக்கக் கூடாது. தரையில் மூன்று அங்குலத்துக்கு மேல் புரளக் கூடாது. சட்டைக் கையின் அகலமும் இவ்வளவுதான். அளவு சொல்லியே ஆணை. மக்கள் முணுமுணுத்தார்கள். தலைநகர ஆட்சியர், செய்யக்கூடியதை மட்டும் பொறுக்கியெடுத்து, அதற்கும் அவகாசம் கொடுத்தார். கடைசியில் அந்த ஆணை நடைமுறைக்கே வரவில்லை. இதையும் அரசாங்க வரலாறே ஒப்புக்கொள்கிறது. ஊரிலுள்ள ஒவ்வொரு பெண்ணின் பாவாடையையும் அளக்க எத்தனை அளவு நாடா வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது சோங் வம்சம். நம் குதிரை முகப் பாவாடையின் முன்னோடி இங்கேதான் தெரிகிறது. 11-ஆம் நூற்றாண்டில் ஜியாங் சியுஃபு என்ற அறிஞர் ஒரு குறிப்பு எழுதினார். தலைநகரத்துப் பெண்கள் முன்னும் பின்னும் திறப்பு வைத்த ஒரு பாவாடையை உடுத்துகிறார்கள். கழுதைச் சவாரிக்கு வசதி என்பதற்காக. இதை ஆரம்பித்தவர்கள் கணிகையர். இப்போது படித்த குடும்பத்துப் பெண்களும் வெட்கமில்லாமல் உடுத்துகிறார்கள் என்று கடிந்துகொள்கிறார். அவர் திட்டுவதற்காக எழுதியதுதான் இன்று நமக்கு ஆதாரம். அந்தத் திறப்பு ஏன் வந்தது? சவாரி போக. அதாவது, வெளியே போக. இதை இங்கேயே மனதில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நூற்றாண்டு கழித்து ஒரு சிறு பெண்ணின் பெட்டி நமக்குக் கிடைக்கிறது. பெயர் ஹுவாங் ஷெங். 1243-இல், கல்யாணமாகி ஓராண்டிலேயே, பதினேழு வயதில் இறந்தாள். ஃபூசோ நகரில் இருந்த அவள் கல்லறையை 1975-இல் கண்டுபிடித்தார்கள். உடைகளும் துணிகளுமாக 350-க்கும் மேல். எல்லாம் காற்று மாதிரி மெல்லிய பட்டு. சுற்றிக் கட்டும் இரு துண்டுப் பாவாடையும் இருக்கிறது. இரண்டு ஓரத்துத் துண்டுகளைத் தட்டையாக விட்டு, நடுவிலுள்ள துண்டுகளில் மட்டும் 60 மடிப்பு வைத்த பாவாடையும் இருக்கிறது. மடிப்பும் தட்டையும் பக்கம் பக்கமாக வரும் அந்த அமைப்பு அப்போதே வந்துவிட்டது.

இந்தப் பெண்ணின் அப்பா சுவான்சோ துறைமுகத்தின் கடல் வணிகத்தைக் கண்காணித்த அதிகாரி. சுவான்சோ என்றால் நமக்கு அந்நியமான ஊர் இல்லை. 1281-இல் அங்கே ஒரு சிவன் கோயிலுக்காகப் பொறித்த தமிழ்க் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. ஹுவாங் ஷெங் இறந்து நாற்பது ஆண்டுக்குள், அவள் அப்பா வேலை பார்த்த அதே துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் கோயில் எழுப்பும் அளவுக்கு நிலைத்திருந்தார்கள்.

1368-இல் மிங் வம்சம். முன்னும் பின்னும் தட்டை, பக்கங்களில் மடிப்பு என்ற வடிவம் இப்போது நிலைபெறுகிறது. முழங்கால் உயரத்தில் ஒரு கரை, அடியில் ஒரு கரை என்று நெய்து அழகு செய்தார்கள். சரி, 'குதிரை முகம்' என்ற பெயர் எப்படி வந்தது? சீனக் கோட்டை மதிலில் வெளியே பிதுங்கி நிற்கும் கொத்தளத்துக்கும் 'குதிரை முகம்' என்றுதான் பெயர். நடுவில் தட்டையான முகப்பு, இரு பக்கமும் உள்வாங்கிய சுவர். பாவாடையின் வடிவமும் அதே மாதிரி இருப்பதால் அந்தப் பெயர் என்று ஒரு விளக்கம் உண்டு. இதில் வேடிக்கை ஒன்று. 17-ஆம் நூற்றாண்டில் லியு ருவோயு என்ற அரண்மனை அண்ணகர் சிறையில் இருந்தபடி ஒரு நூல் எழுதினார். 'குதிரை முக மடிப்பு' என்ற சொல் அதில் வருகிறது. ஆனால் அவர் வர்ணிப்பது ஆண்களின் அங்கியை! பெண்களின் பாவாடை என்று நாம் சொல்வதன் பெயர் ஆண்களின் உடையோடும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆண்கள் என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொரியாவிலிருந்து பெய்ஜிங்குக்குக் குதிரை மயிரால் நெய்த உள்பாவாடை ஒன்று வந்தது. மேலே உடுத்தும் அங்கி குடை மாதிரி விரிந்து நிற்கும். முதலில் பணக்கார வணிகர்களும் பாடகிகளும் உடுத்தினார்கள். பிறகு அரசவை அதிகாரிகளே உடுத்த ஆரம்பித்தார்கள். அரசாங்கக் குதிரைகளின் வாலைத் திருட்டுத்தனமாக வெட்டும் அளவுக்குப் போயிற்று. அடுத்த பேரரசர் வந்ததும் தடை. ஆடை மோகம் பெண்களுக்குத்தான் என்று இனி யாராவது சொன்னால், அந்தக் குதிரைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

1644-இல் மஞ்சுக்கள் பெய்ஜிங்கைப் பிடித்தார்கள். சிங் வம்சம் தொடங்கியது. ஹான் ஆண்கள் முன்தலையை மழித்துப் பின்னால் சடை போட வேண்டும், மஞ்சு உடை உடுத்த வேண்டும் என்று ஆணை. மறுத்தவர்களின் தலை போயிற்று. ஆனால் ஹான் பெண்கள் தங்கள் சட்டையையும் பாவாடையையும் விடவில்லை. 'ஆண்கள் பணிந்தார்கள், பெண்கள் பணியவில்லை' என்று அங்கே ஒரு வழக்கே உண்டு. மஞ்சுப் பெண்களுக்குத் தோளிலிருந்து கால்வரை ஒரே அங்கி, பாவாடை கிடையாது. ஆகவே தெருவில் போகும்போது பாவாடையைப் பார்த்தால் ஹான் வீட்டுப் பெண் என்று தெரிந்துவிடும். குதிரை முகப் பாவாடை அதன் உச்சத்தைத் தொட்டது இந்தக் காலத்தில்தான். இன்று அருங்காட்சியகங்களில் நாம் பார்ப்பவையும் பெரும்பாலும் சிங் காலத்தவை. தட்டைப் பகுதியில் பூ, பட்டாம்பூச்சி, டிராகன் என்று நெருக்கமான தையல் வேலை. மடிப்புகளை இடையிடையே நூலால் பிணைத்து, விரியும்போது மீன் செதில் மாதிரி தெரியும்படி செய்த பாவாடைகளும் உண்டு. பாவாடை முழுக்கப் பட்டு. இடுப்புப் பட்டி மட்டும் பெரும்பாலும் பருத்தி. பட்டு இடுப்பில் வழுக்கும், பருத்தி பிடித்து நிற்கும். மேல்சட்டை மூடிவிடுவதால் யாருக்கும் தெரியாது. அந்தப் பட்டி வெள்ளையாக இருந்தால், தலை நரைக்கும் வரை தம்பதி சேர்ந்து வாழ்வார்கள் என்று ஒரு நம்பிக்கையையும் சேர்த்துக்கொண்டார்கள்.

லி யு என்ற நாடக ஆசிரியர் 1671-இல் எழுதிய நூலில் பாவாடைக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கினார். மடிப்பு அதிகம் இருந்தால்தான் நடக்க இலகுவாக இருக்கும், குறைந்தால் கால் மாட்டிக்கொள்ளும் என்பது அவர் வாதம். வீட்டில் எட்டுத் துண்டு போதும், வெளியே போகப் பத்துத் துண்டு வேண்டும் என்று கணக்கும் சொன்னார். ஒவ்வொரு மடிப்பிலும் ஐந்து நிறம் வைக்கும் 'நிலவொளிப் பாவாடை' அப்போது புது மோகம். சாதாரணப் பாவாடையைப் போலப் பத்து மடங்கு செலவு, வீண் என்று அதை ஒதுக்கினார். நம் வீட்டுக் கல்யாணப் பட்டுக் கடைப் பேச்சு நினைவுக்கு வருகிறதல்லவா?

இவ்வளவு அழகைச் சொல்லிவிட்டு, மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் அது நியாயம் இல்லை. ஷாங்காயில் 1920-இல் பிறந்த எழுத்தாளர் ஐலீன் சாங் 1943-இல் சீன ஆடைகள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பழைய குடும்பங்களில் பாவாடையின் நிறத்தைப் பார்த்தே பெண்ணின் நிலையைச் சொல்லிவிடலாம் என்று அதில் விளக்குகிறார். விசேஷ நாளில் சிவப்புப் பாவாடை மூத்த மனைவிக்கு மட்டும். இளைய மனைவிக்கு இளஞ்சிவப்பு. விதவைக்குக் கறுப்பு, கணவர் போய்ப் பல ஆண்டு ஆன பிறகு, மாமனார் மாமியார் உயிரோடு இருந்தால், வெளிர் நீலமோ வெளிர் ஊதாவோ உடுத்தலாம். நடையும் அப்படித்தான். நல்ல குடும்பத்துப் பெண் நடந்தால் பாவாடையின் மடிப்பு லேசாக அசையலாம், அவ்வளவுதான். மணப்பெண்ணின் சிவப்புப் பாவாடையில் சிறு மணிகள் தொங்கும். அவை மெல்லக் கேட்கலாம், கலகலவென்று ஒலிக்கக் கூடாது. பாவாடைக்குள் இருந்த கால்களோ, பலருக்கும், சிறு வயதிலேயே துணியால் இறுக்கிக் கட்டி ஒடுக்கப்பட்டவை. அந்தக் கால்களோடு வேகமாக நடப்பது எப்படி?

இப்போது நான் குறித்து வைக்கச் சொன்னதை எடுத்துக்கொள்ளுங்கள். சோங் காலத்தில் இந்தத் திறப்பை வைத்தது கழுதை மேல் ஏறி ஊர் சுற்ற. சிங் காலத்திலும் அதே திறப்பு, அதே இரண்டு துண்டு, அதே நாடா. ஆனால் அதை உடுத்தியவள் மணி ஒலிக்காமல் நடக்கப் பழக வேண்டியிருந்தது. வெட்டும் தையலும் மாறவில்லை. அதை உடுத்துபவள் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிய கை மாறிவிட்டது. ஆகவே, "இந்த உடை அடக்கமானது", "அந்த உடை அடங்காதது" என்று நாம் சொல்லும்போது, துணியைப் பற்றிப் பேசுகிறோமா, உடுத்துபவளைப் பற்றிய நம் எண்ணத்தைப் பேசுகிறோமா என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். பேத்திகள் கை தட்டுகிறார்கள். பாட்டிகள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1912-இல் சீனா குடியரசானது. அந்த ஆண்டே ஆடை விதிகளை வெளியிட்டார்கள். பெண்களின் சடங்கு உடை: நீண்ட மேல்சட்டை, கீழே முன்னும் பின்னும் தட்டையாக, பக்கங்களில் மடிப்பாக, நாடா வைத்த பாவாடை. பெயரைச் சொல்லாமல் நம் பாவாடையையே சட்டத்தில் எழுதிவிட்டார்கள். ஆனால் காலம் வேறு பக்கம் போனது. 1920-களில் ஷாங்காயில் சிபாவ் என்ற ஒரே துண்டு உடை பரவியது. பள்ளி மாணவிகள் எளிமையான கறுப்புப் பாவாடைக்கு மாறினார்கள். பூவேலைப் பாவாடைகள் பெட்டிக்குள் போயின. பல கடல் தாண்டி மேலைநாட்டு அருங்காட்சியகங்களுக்கும் போயின.

அது திரும்பி வந்தது இந்த நூற்றாண்டில். 2003 நவம்பரில் ஜெங்சோ நகரில் வாங் லெதியன் என்ற இளைஞர் பழைய ஹான் உடை உடுத்திக் கடைத்தெருவில் நடந்தார். செய்தித்தாளில் வந்தது. அதுபோல ஆர்வம் கொண்டவர்கள் இணையத்தில் ஒன்றுகூடி, கல்லறை ஆய்வறிக்கைகளைப் படித்து, பழைய படங்களைப் பார்த்துத் தாங்களே வெட்டித் தைக்கக் கற்றார்கள். 2022 ஜூலையில் பெரிய சண்டை வந்தது. டியோர் என்ற பிரெஞ்சு நிறுவனம் 29,000 யுவான் விலையில் ஒரு கறுப்புப் பாவாடை விற்றது. இது தங்கள் நிறுவனத்துக்கே உரிய வடிவம் என்று விளம்பரம். முன்னும் பின்னும் தட்டை, பக்கத்தில் மடிப்பு! பாரிஸில் படிக்கும் சீன மாணவர்கள் கடை வாசலில் நின்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சண்டையில் ஒரு நன்மை, பெயர்கூடத் தெரியாமல் இருந்தவர்களும் பாவாடையைத் தேட ஆரம்பித்தார்கள். 2024 சீனப் புத்தாண்டுக்கு ஷாண்டோங் மாகாணத்தின் சாவ் வட்டத்தில் செய்த இந்த வகை உடைகள் 30 கோடி யுவானுக்கு மேல் விற்றதாகச் செய்தி வந்தது. நாடக உடையும் மேடை உடையும் தைத்துக்கொண்டிருந்த ஊர் அது.

இந்த உடை யாருடையது? என் கருத்தைச் சொல்கிறேன், நீங்கள் மறுக்கலாம். ஒரு வடிவத்தை எடுத்துக்கொள்பவர் அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். அந்த மாணவர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அதே சமயம், நாம் பார்த்த கதையிலேயே கொரியக் குதிரை மயிர் இருக்கிறது, ஆண்களின் அங்கி இருக்கிறது. அறிஞர் ஏசிய கணிகையர் இருக்கிறார்கள். யாருடைய பெயரைச் சொல்வது என்று கேட்டால், நான் முதலில் அந்தப் பெயர் தெரியாத கணிகையரைத்தான் சொல்வேன்.

இன்று சீனத்துப் பெண்கள் இந்தப் பாவாடையைச் சாதாரணச் சட்டையோடு உடுத்தி மெட்ரோ ரயிலில் வேலைக்குப் போகிறார்கள். சிவப்பு யாருக்கு, கறுப்பு யாருக்கு என்று கேட்பவர் இல்லை. பேரரசர்கள் அளந்து பார்த்தார்கள், அறிஞர்கள் ஏசினார்கள், மாமியார்கள் நிறம் வகுத்தார்கள். எல்லாருக்கும் பிறகும் அந்தத் திறப்பு தைத்து மூடப்படவில்லை. வெளியே போக வேண்டும் என்று முடிவெடுத்த நாளில் அது மறுபடி பயன்பட்டது.

 கேள்விகள் இருந்தால் கேளுங்கள். தேநீர் ஆறுவதற்குள் பதில் சொல்லப் பார்க்கிறேன்.